நாளுணவு

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியில் ஆற்றுப் பாசனம் பெறும் நிலம் குறைவு. காவிரியை ஒட்டிய மோகனூர், பரமத்தி வேலூர்ப் பக்கங்களில் நெல்லும் வாழையும் கரும்பும் செழிக்கும். ஏனைய ஊர்களில் வானம் பார்த்த புன்செய் நிலங்களே மிகுதி. ஆதலின் அங்கு வாழ்ந்தோர் கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியவற்றையே நாளுணவாகக் கொண்டனர். நெல்லஞ்சோறு பண்டிகைக்கும் விருந்துக்கும் உரியதாக இருந்தது.

அவர்தம் உணவில் ஓர் ஒழுங்கு இருந்தது. முன்னாள் மாலையில் ஆக்கி நீரூற்றி வைத்த கம்மஞ்சோற்றைக் காலையில் மோரிற் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு பருகுவர். பின்னரே ஏர் பூட்டச் செல்வர். நண்பகலுக்குக் கேழ்வரகுக் களி. கொதிக்கும் நீரில் மாவை இட்டு, கட்டி விழாமல் துடுப்பாற் கிண்டி, சூடு ஆறுமுன் உருண்டை பிடிப்பர். கீரைக் கடைசலோ கொள்ளுக் குழம்போ மொச்சைக் குழம்போ அதற்குத் துணையாகும். களியை மெல்லாமல் விழுங்குவதே வழக்கம். மென்றால் பல்லில் ஒட்டிக்கொள்ளும்!

நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அதன் முப்பதில் ஒரு பங்கும் இல்லை. கம்பில் இரும்புச்சத்து மிகுதி. கொள்ளில் ஐந்தில் ஒரு பங்கு புரதம். எனினும் பழைய உணவு குறையற்றது என எண்ணுதல் தகாது. மழை பொய்த்த ஆண்டுகளில் உப்பும் மிளகாயுமே துணையாகக் கூழ் குடித்த குடும்பங்கள் பல.

2011-ஆம் ஆண்டு ஜூன் முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. பசி தணிந்தமை பெரும்பேறே. ஆனால், காலையில் இட்டலி, நண்பகலில் சோறு, இரவில் தோசை எனப் பல வீடுகளில் மூவேளையும் அரிசியே வெவ்வேறு வடிவில் தட்டில் வந்து அமர்கின்றது. இட்டலி தோசையில் உளுந்து சேரினும் அதன் அளவு சிறிதே. சேலத்துக்குப் புகழ் சேர்த்த சவ்வரிசியோ மரவள்ளிக் கிழங்கின் மாச்சத்து. சவ்வரிசி வடகம் எண்ணெயில் விரிந்து பொரிவதனால் காய்கறி ஆகிவிடாது.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு நெறிகளின்படி, ஒருநாள் ஆற்றலில் நூற்றுக்கு 45 பங்குக்கு மேல் தானியங்களிலிருந்து வருதல் கூடாது. தட்டிற் பாதியைக் காய், கீரை, கனி, கிழங்குகள் நிரப்ப வேண்டும். எலும்பு வலுப்பெறுவதும் குருதி பெருகுவதும் பள்ளிப் பருவத்திலாதலின் இவ்வளவுகள் மாணவர்க்கு இன்றியமையாதவை. பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துக் குறைவு எளிதில் நேரும்.

இராசிபுரத்திலோ ஆத்தூரிலோ வாழும் மாணவி ஒருத்தி இதனை எங்ஙனம் நிறைவேற்றுவாள்? காலையிற் கம்மங்கூழ் வாய்க்காவிடில் இட்டலியுடன் ஒரு கிண்ணம் சாம்பார் கொள்ளலாம். காமராசர் ஆட்சியில் 1956-இல் விரிவுபெற்ற பள்ளி மதிய உணவு இன்று முட்டையுடன் கிடைக்கின்றது. ஒரு முட்டையில் ஏறத்தாழ ஆறு கிராம் புரதம் உண்டு. முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லில் பிறந்து அதனை வெறுத்தொதுக்கும் பிள்ளைகளும் உளர்! உண்ணாத குடும்பத்தினர் பயறு, நிலக்கடலை, தயிர் ஆகியவற்றால் அதனை ஈடுசெய்யலாம். முருங்கைக்கீரை வேலியோரத்திலேயே கிடைக்கும். உணவோடு தேநீர் பருகின் இரும்புச்சத்து உடலிற் சேர்வது குறையும். நெல்லிக்காயும் எலுமிச்சையும் அதனைச் சேர்ப்பிக்கும். மாலையில் பொட்டலத் தின்பண்டத்துக்கு மாறாகச் சுண்டல் வேண்டுமாயின், அதற்குரிய கொள்ளையோ பயற்றையோ முன்னிரவிலேயே நீரில் நனைய வைத்தல் வேண்டும்.