கடல் ஏன் உயர்கிறது?

நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவை எரிவதால் எழும் கரியமிலவாயு, பூமியைக் கம்பளிபோல் போர்த்தி வெப்பத்தை வெளியேறவிடாமல் தடுக்கிறது. மாணவர்களுக்கு நான் இப்படித்தான் விளக்குவேன். ஹவாய்த் தீவில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 315 பங்காக இருந்த அவ்வாயு, 2024இல் 420ஐத் தாண்டியிருந்தது.

வெப்பத்தால் கடல்நீர் விரிகிறது. நிலத்தின்மேல் உறைந்திருந்த பனியும் உருகிச் சேர்கிறது. நம் சிங்கப்பூரில் ஏறத்தாழ 30 விழுக்காட்டு நிலம் கடல்மட்டத்திற்கு மேல் 5 மீட்டர் உயரம்கூட இல்லை. வாயு வெளியீடு குறையாவிடில் 2100க்குள் கடல் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று 2024இல் வெளியான அரசாங்க ஆய்வு கூறுகிறது. இன்று பாலர்பள்ளியில் பயிலும் நம் பேரப்பிள்ளைகளில் பலர் அந்த ஆண்டைக் காண்பர்.

தடுப்புச்சுவர் கரையைக் காக்கும், காரணத்தை நீக்காது. நம் மின்சாரம் பெரும்பாலும் எரிவாயுவிலிருந்தே கிடைக்கிறது. ஆகவே அன்பர்களே, ஆளில்லாத ஆலய மண்டபத்தில் ஓடும் குளிர்சாதனத்தை நிறுத்துவதும் நம் கடமையே.