காணாக்கடியும் காணாத புழுவும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் இப்போது அடிக்கடி காதில் விழும் புகார், காணாக்கடி. குகட்பள்ளி மருந்துக் கடைகளில் "தத்துர்லு" என்று தெலுங்கில் சொன்னால் போதும், ஒரு மாத்திரைப் பட்டை கைக்கு வந்துவிடும். கொசு கடித்தாற்போல் தடித்து, சிவந்து, அரித்து, சில மணி நேரத்தில் மறைந்து, வேறிடத்தில் கிளம்பும். ஆறு வாரத்துக்கு மேல் இப்படியே நீடித்தால் மருத்துவர்கள் அதை நாட்பட்டது என்கிறார்கள். "உடம்பில் எங்கோ கிருமி ஒளிந்திருக்கிறது, அதுதான் காரணம்" என்று யாராவது சொல்ல, பரிசோதனைக்கும் மருந்துக்குமாக ஆயிரக்கணக்கில் செலவு செய்வோரைப் பார்க்கிறேன். நான் மருத்துவனல்ல, ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன். டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததை எழுதுகிறேன்.

தோலுக்கடியில் மாஸ்ட் செல் என்னும் காவல் அணுக்கள் உள்ளன. அவை ஹிஸ்டமின் என்ற பொருளை வெளியிட்டால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியும், அதுவே தடிப்பு. எங்கள் தொழிலில் டிராக் சர்க்யூட் என்று ஒன்று உண்டு. தண்டவாளத்தில் சிறு மின்சாரம் ஓடும். வண்டி ஏறினால் ரிலே விழுந்து சிக்னல் சிவப்பாகும். ஆனால் அடைமழையில் ஜல்லிக்கிடையே நீர் தேங்கி மின்சாரம் கசிந்தாலும், வண்டியே இல்லாமல் சிவப்பு விழும். நாட்பட்ட காணாக்கடியும் பெரும்பாலும் அப்படித்தான். எதிரி இல்லை, ஆனால் மணி அடிக்கிறது. பலருக்கு, உடம்பு தனக்கெதிராகத் தானே தயாரிக்கும் எதிர்ப்பொருள்தான் அந்த மாஸ்ட் செல்லைத் தூண்டுகிறது. கத்தரிக்காயும் கருவாடும் இதில் குற்றவாளியாவது மிகக் குறைவு. குழந்தையின் முட்டையையும் மீனையும் வருடக்கணக்கில் நிறுத்திவைக்கும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் தொற்றுக்குச் சம்பந்தமே இல்லையா? உண்டு. குழந்தைகளுக்குச் சளி, காய்ச்சலோடு வரும் தடிப்பு பெரும்பாலும் வைரஸால் வருவது. சில நாளில் போய்விடும். நாட்பட்டதில்தான் வழக்கு சிக்கலாகிறது. வயிற்றுப்புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைக் கண்டறிந்த ஆஸ்திரேலியர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தக் கிருமியை ஒழித்தால் காணாக்கடி குறைகிறது என்று சில ஆய்வுகளும், அப்படி இல்லை என்று வேறு சிலவும் சொல்கின்றன. நம் நாட்டில் பெரியவர்களில் பாதிப்பேருக்கு மேல் வயிற்றில் அது இருக்கிறது. ஆகவே பரிசோதனையில் அது தென்பட்டதாலேயே தடிப்புக்குக் காரணம் கிடைத்துவிட்டதாகாது. காணாக்கடி பலருக்குச் சில மாதத்திலோ சில ஆண்டுகளிலோ தானாகவே அடங்கிவிடும். அந்தச் சமயத்தில் சாப்பிட்ட மருந்துக்குப் பெயர் கிடைத்துவிடும்!

சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு கதையும் இருக்கிறது. அது ரயில்பாதைக் கதை. 1942-43-இல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை போட்டார்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகளும், மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன பல்லாயிரம் தமிழரும் அங்கே சேற்றில் உழைத்தார்கள். ஊர் திரும்பிய பிரிட்டிஷ் கைதிகளை லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி டாக்டர்கள் பரிசோதித்தபோது, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பலர் குடலில் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற நுண்புழு உயிரோடிருந்தது. இடுப்பிலும் பிட்டத்திலும் கோடுபோல் நெளிந்து ஓடும் அரிப்புத் தடிப்பு அவர்களுக்கு விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. இந்த முடிவுகள் 1979-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தன. ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவரின் தோலைத் துளைத்து நுழையும் இந்தப் புழு, உடம்புக்குள்ளேயே திரும்பத் திரும்பப் பெருகவல்லது. அதனால்தான் அத்தனை ஆயுள்.

இது நம் நாட்டு மண்ணிலும் உள்ள புழு. வயலில் இறங்கி வேலை செய்து, பிறகு பிள்ளைகளோடு இந்நகருக்கு வந்துவிட்ட பெரியவர்களை நினைத்துத்தான் சொல்கிறேன். காணாக்கடிக்குக் கடையில் கேட்டு வாங்கி ஸ்டீராய்டு மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்குகிறார்கள். அரிப்பு அன்றே அடங்கும். ஆனால் இந்தப் புழு உள்ளவருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் அது கட்டுக்கடங்காமல் பெருகி, நுரையீரல் வரை பரவி, உயிரையே பறிக்கக்கூடும். கொரோனாக் காலத்தில், 2020-இல், டெக்சாமெதாசோன் பரவலாகக் கொடுக்கப்பட்டபோது இதே எச்சரிக்கையை மருத்துவ இதழ்கள் எழுதின.

எனவே டாக்டரிடம் போகும்போது, வெறுங்காலோடு மண்ணில் புழங்கியதுண்டா, வயிற்றுவலி, பேதி உண்டா என்பதை நாமே சொல்லிவிடுவது நல்லது. சாதாரண இரத்தப் பரிசோதனையில் ஈசினோஃபில் அணுக்கள் கூடியிருந்தால் புழுவைத் தேட அது ஒரு தடயம். மலப் பரிசோதனை ஒருமுறை செய்தால் புழு தப்பிவிடலாம்; திரும்பவும் செய்யச் சொன்னால் சலித்துக்கொள்ளக் கூடாது. பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஒரே வேளை அல்பெண்டசோல் உருளைப்புழுவுக்குப் போதும், இதற்குப் போதாது. இதற்கு ஐவர்மெக்டின் வேண்டும். அதையும் டாக்டர்தான் எழுதித் தரவேண்டும். தடயம் ஒன்றும் இல்லாவிட்டால், தூக்கம் அதிகம் வராத செட்டிரிசின், ஃபெக்சோஃபெனடின் போன்ற மாத்திரைகளை டாக்டர் சொன்ன அளவில், சொன்ன காலம்வரை தவறாமல் சாப்பிடுவதே முதல் வைத்தியம். காந்தி, உஸ்மானியா அரசு மருத்துவமனைகளில் தோல்நோய்ப் பிரிவு இருக்கிறது.

ஒரு தடிப்பு ஒரே இடத்தில் ஒரு நாளுக்கு மேல் நின்று, கன்றியதுபோல் தழும்பு விட்டால் அது வேறு நோயாக இருக்கலாம், காட்டிவிடுங்கள். நாக்கு வீங்கி மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.