கீழாநெல்லி கேட்டேன்... ‘எந்தக் காமாலை?’ என்றார்! கொல்லிமலை மூலிகை முகாமில் மூன்று நாள்

‘மலையில் மூலிகை முகாம் என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வருகிறது. பணம் கட்டிப் போனால் பிரயோஜனம் இருக்குமா?’ கேள்வி-பதில் பகுதிக்கு இந்தக் கேள்வி மாற்றி மாற்றி வந்துகொண்டே இருக்கிறது. போய்ப் பார்க்காமல் பதில் எழுத மனம் வரவில்லை. புரட்டாசிக் கடைசியில், நிலக்கடலை பிடுங்கி முடித்த கையோடு கொல்லிமலைக்கு பஸ் ஏறினேன்.

எனக்குச் சொந்தமாகவும் ஒரு காரணம் இருந்தது. போன வருடம் எங்களோடு இருக்கும் மாமியாருக்குக் கண் மஞ்சளானது. ‘காமாலைக்குக் கீழாநெல்லி’ என்பது சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த பாடம். வரப்பில் பிடுங்கி, அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் கொடுத்தேன். ஆறு நாள். மஞ்சள் இறங்கவில்லை, உடம்பெல்லாம் அரிப்பு. ஏழாம் நாள் ராத்திரி குளிர்காய்ச்சல் தூக்கிப்போட்டது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது, பித்தப்பையிலிருந்து நழுவிய கல் ஒன்று பித்தக்குழாயை அடைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. கிருமி ரத்தம் வரை போயிருந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுத்தார்கள். பதினோரு நாள் படுக்கை. “இலைச் சாறுக்குக் கல்லு எப்படிங்க நகரும்?” என்று டாக்டர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் குத்தியது.

அடிவாரம் காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள். முப்பதாவது வளைவுக்குள் பஸ்ஸில் பாதிப் பேர் எலுமிச்சையை முகர ஆரம்பித்துவிட்டார்கள். மேலே ஏறியதும் காற்று மாறிவிடுகிறது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, அடியில் காபி, சரிவுகளில் அன்னாசி. செம்மேட்டிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு பழங்குடிக் குடும்பத்தின் தோட்டத்தில் முகாம். தகரக் கொட்டகை, கோரைப்பாய், ராத்திரிக்கு சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். இருபத்திரண்டு பேர் வந்திருந்தோம். பெரும்பாலும் ஈரோடு, ஆத்தூர், நாமக்கல் பக்கத்து விவசாயிகள். கம்ப்யூட்டர் கம்பெனி வேலையிலிருந்து மன அமைதி தேடி வந்த இரண்டு இளைஞர்களும் உண்டு. சிக்னல் கிடைக்காததால் முதல் நாளே அவர்கள் அமைதியை இழந்துவிட்டார்கள்.

முதல் பந்தியிலேயே நடத்துபவர்கள் ஒன்றைச் சொன்னார்கள்: “இங்க வைத்தியம் பார்க்கப் போறதில்லை. செடி பார்க்கப் போறோம்.” சிலருக்கு முகம் சுருங்கியது. எனக்கு நம்பிக்கை வந்தது.

சொல்லிக்கொடுத்தவர் எழுபது வயதைத் தாண்டிய நாட்டு வைத்தியர், மலையாளி இனத்தவர். கேரளத்து மலையாளி என்று நினைத்துவிடாதீர்கள். கொல்லிமலை, கல்வராயன், ஏற்காடு, பச்சைமலைப் பக்கம் வாழும் தமிழ் பேசும் பழங்குடி மக்களுக்கு அந்தப் பெயர். கூடவே அவர் அக்கா. எல்லோருக்கும் அவர் ‘ஆயா’. செடி பெயரில் தம்பிக்குச் சந்தேகம் வந்தால் ஆயாதான் தீர்ப்பு.

காப்புக்காட்டுக்குள் நாங்கள் கால் வைக்கவில்லை. அங்கிருந்து செடி பிடுங்குவது வனச் சட்டப்படி குற்றம். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூல் சேகரிக்கும் உரிமையைக் காட்டையே நம்பி வாழும் மக்களுக்குத்தான் தருகிறது. முகாமுக்கு வரும் நமக்கு அல்ல. பட்டா நிலத்து வரப்பு, ஓடைக்கரை, வேலி ஓரம், இவ்வளவுதான் சுற்றினோம். அதற்கே மூன்று நாள் போதவில்லை.

காயைத் திருப்பிப் பார்!

இரண்டாம் நாள் காலை என் கதையைப் பெரியவரிடம் சொன்னேன். ‘கீழாநெல்லியை எப்படிக் கொடுத்திருக்கணும் ஐயா?’ என்று கேட்டேன். அவர் மருந்து சொல்லவில்லை.

“எந்தக் காமாலை தம்பி?”

விழித்தேன்.

“கண்ணு மஞ்சளானா அது நோவு இல்ல, நோவு காட்டுற அடையாளம். வெளிக்குப் போறது என்ன நிறம்னு பார்த்தியா? சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போயி, உடம்பு அரிச்சா, உள்ள எங்கயோ அடைப்பு. அதுக்கு எங்கிட்ட மருந்து கிடையாது. எங்கப்பாகிட்டயும் கிடையாது. காய்ச்சலும் வயித்து வலியும் கூடச் சேர்ந்தா அன்னிக்கே மலையை விட்டு இறக்கிடுவோம். அப்ப ரோடு இல்ல, டோலி கட்டித்தான்.”

நான் ஆறு நாள் வைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டு வாசலில் தார் ரோடு.

பிறகு செடிக்கு வந்தார். கீழாநெல்லி என்று நாம் பிடுங்குவதில் பாதி வேறு செடி. ஒரே சாதியில் பல செடிகள், பார்த்தால் அண்ணன் தம்பி போலிருக்கும். ஆயா இரண்டைப் பிடுங்கி என் கையில் வைத்துக் கிளையைத் திருப்பச் சொன்னார். உண்மையான கீழாநெல்லியில் இலைக்கு அடியில் வரிசையாகத் தொங்கும் காய் வழுவழுப்பாக, மெல்லிய சிறு காம்போடு இருக்கும். மற்றது செங்கீழாநெல்லி: தண்டில் சிவப்பு ஓடும், காய் காம்பே இல்லாததுபோல் கிளையோடு ஒட்டி, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். போன வருடம் நான் அரைத்தது எதுவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“சரியான செடியாவே இருந்தாலும் எங்க பிடுங்கினே?” என்றார் ஆயா. பருத்திக்காட்டு வரப்பில் என்றேன். “மருந்து அடிச்ச காடா?” அதை நான் யோசித்ததே இல்லை. களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் தெளித்த நிலத்து ஓரத்தில் எந்த மூலிகையும் மருந்தாகாது. வீட்டுக்கென்று இரண்டு பாத்தி தனியாக ஒதுக்க வேண்டும்.

இனிப்பு மறந்த நாக்கு

மத்தியானம் வேலியில் படர்ந்த சிறுகுறிஞ்சான் கொடியில் ஆளுக்கு ஒரு இலை மென்றோம். கொஞ்ச நேரத்தில் கையில் சர்க்கரை கொடுத்தார்கள். ஆற்று மணலை வாயில் போட்டதுபோல் இருந்தது. எல்லோரும் குழந்தைகள் மாதிரி சிரித்தோம். இலையில் உள்ள சத்து நாக்கில் இனிப்பு உணரும் இடங்களை மறைத்துவிடுகிறது; சற்று நேரத்தில் சுவை தானாகத் திரும்பிவிடும்.

கோபிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. பத்து வருடமாக இன்சுலின் போடுகிறவர். ‘ஊசியை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கலாமே’ என்ற எண்ணத்தோடு ஒரு மூட்டை இலை வாங்கத் தயாராக வந்திருந்தார். அன்று வகுப்பெடுக்க வந்த சித்த மருத்துவர், ஒரு பெண், அவரைத் தனியே உட்கார வைத்துப் பேசினார். நாக்கு இனிப்பை மறப்பதும் ரத்தத்தில் சர்க்கரை குறைவதும் ஒன்றல்ல. ஊசியை நிறுத்தினால் ஆபத்து. ஊசியோடு இதையும் அளவு தெரியாமல் சேர்த்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரலாம், அதுவும் ஆபத்து. “இலை வேணும்னா சாப்பிடுங்கண்ணா, ஆனா உங்க டாக்டருக்குத் தெரியாம வேண்டாம்” என்றார். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் சித்தா பிரிவு இருக்கிறது; பட்டம் படித்த மருத்துவர் பார்ப்பார், மருந்து இலவசம். மலை ஏறாமலே கேட்டுக்கொள்ளலாம். அந்த அண்ணன் வெறுங்கையோடுதான் இறங்கினார்.

சாயங்காலம் ஆயா இரண்டு கிழங்குகளைத் திண்ணையில் வைத்தார். ஒன்று காட்டு வள்ளி. இன்னொன்று கலப்பை மாதிரி வளைந்தது, கண்வலிக்கிழங்கு. நம் மாநிலப் பூவான செங்காந்தளின் கிழங்குதான். மூலனூர், ஒட்டன்சத்திரப் பக்கம் விதைக்காகப் பயிர் செய்கிறவர்கள் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன்: செடி முழுவதும் விஷம், கிழங்கும் விதையும் அதிகம். தின்கிற கிழங்கு என்று தவறி உண்டவர்கள் இறந்திருக்கிறார்கள். சில மணி நேரத்தில் வாந்தி பேதி தொடங்கும். ‘கெட்டது வெளியே போகட்டும்’ என்று காத்திருக்கக் கூடாது. மிச்சக் கிழங்கையும் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரி. விதைக்கிழங்கைச் சமையலறைப் பக்கமே வைக்காதீர்கள்.

பாறையைச் சுரண்டும் சூப்

கொல்லிமலை என்றாலே இப்போது முடவாட்டுக்கால் சூப். சாலை ஓரமெல்லாம் கடை. ஆட்டுக்கால் போல ரோமத்தோடு இருக்கும் இது உண்மையில் கிழங்கே அல்ல. பாறையிலும் மரத்திலும் ஒட்டிப் படரும் ஒரு பெரணியின் தண்டு. ரோமத்தைச் சீவி, நறுக்கித் தட்டி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். குளிருக்கு அருமை. மூட்டுவலி போகுமா என்றதற்குப் பெரியவர், “போச்சுன்னும் சொல்றாங்க, போகலைன்னும் சொல்றாங்க. பெரணி போயிருச்சு, அது மட்டும் நெசம்” என்றார்.

அவர் காட்டிய பாறை மொட்டையாக இருந்தது. சிறு வயதில் அது முழுக்கப் பெரணி மூடியிருந்ததாம். தேவைக்கு ஒரு பக்கம் அறுத்து, வளரும் நுனியை விட்டுவிடுவது அவர்கள் வழக்கம். வண்டியோடு வரும் வியாபாரி நுனியை விடுவதில்லை; கடப்பாறையால் நெம்பி எடுக்கிறான். எடுத்துக்கொடுப்பது உள்ளூர்ப் பையன்கள்தான், கூலிக்காக. அதையும் அவர் மறைக்கவில்லை. இப்போது தோட்டத்துப் பலா மரங்களில் நுனியுள்ள துண்டுகளைத் தேங்காய் நாரால் கட்டி வளர்க்கிறார். மெதுவாகத்தான் வரும்.

சரி, முகாமுக்குப் போகலாமா? ‘சர்க்கரை தீரும், புற்று தீரும்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் போகாதீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னால் பாதியில் எழுந்து வந்துவிடுங்கள். பொடியும் எண்ணெயும் விற்பதற்கென்றே நடத்தும் முகாம்களும் இருக்கின்றன. செடியைக் கையில் கொடுத்துத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறவர்கள் கிடைத்தால், இரண்டு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, போய் வாருங்கள். நோட்டும் பேனாவும் கொண்டுபோங்கள். செல்போன் படத்தில் காய்க்காம்பு தெரிவதில்லை.

கிளம்பும்போது பெரியவர் தோட்டத்தில் வளர்த்த பெரணியில் விரல் நீளத் துண்டு ஒன்றைத் தந்தார். கிணற்றடி மாமரத்தின் நிழல் பக்கம் நார் வைத்துக் கட்டியிருக்கிறேன். “என்ன மாப்பிள்ளை இது, எலி வாலாட்டம்?” என்று கேட்ட மாமியார்தான் தினமும் தண்ணீர் தெளிக்கிறார். போன வாரம் ஒரு குருத்து தெரிந்தது. சூப் வைக்கலாமா என்று அவர் இதுவரை கேட்கவில்லை.