ஏரோபார் மாட்டினால் சைக்கிள் வேகமாகப் போகுமா? வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

1989 ஜூலை 23. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியின் கடைசி நாள். பிரான்ஸ் வீரர் லோரான் ஃபின்யோன் 50 வினாடி முன்னிலையில் இருந்தார். மீதம் இருந்தது வெர்சாய் நகரில் இருந்து பாரிஸ் வரை, ஒவ்வொருவரும் தனியாக ஓட்ட வேண்டிய 24.5 கி.மீ. மட்டுமே. வெற்றி அவருக்குத்தான் என்று பலரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆனால் அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட் அந்த தூரத்தை ஃபின்யோனை விட 58 வினாடி வேகமாகக் கடந்தார். 3 ஆயிரம் கி.மீ.க்கும் மேல் நீண்ட போட்டியை 8 வினாடி வித்தியாசத்தில் வென்றார். அன்று அவருடைய சைக்கிளில் இருந்து, ஃபின்யோன் சைக்கிளில் இல்லாத ஒரு பொருள்தான் ஏரோபார்.

ஏரோபார் என்றால் என்ன?

ஹேண்டில்பாரின் நடுவில் இருந்து முன்பக்கம் நீளும் இரண்டு குழாய்கள், முழங்கையை வைக்க இரண்டு மெத்தைகள். அவ்வளவுதான். முழங்கையை ஊன்றி, கைகளை முன்னால் நீட்டி, உடம்பைத் தாழ்த்தி ஓட்டலாம். பனிச்சறுக்கு வீரர்கள் சரிவில் குனிந்து பாயும் நிலையைப் பார்த்து, அமெரிக்கப் பனிச்சறுக்குப் பயிற்சியாளர் பூன் லெனன் வடிவமைத்ததைத்தான் லெமாண்ட் பயன்படுத்தினார். சாதாரண ரோடு சைக்கிளிலேயே மாட்டிக்கொள்ளும் ‘க்ளிப்-ஆன்’ வகை இப்போது கடைகளில் கிடைக்கிறது.

வேகம் எங்கிருந்து வருகிறது?

சமதளத்தில் வேகமாக ஓட்டும்போது பெரிய எதிரி காற்றுதான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவைப்படும் சக்தியோ எட்டு மடங்கு! அந்தக் காற்றைப் பெருமளவு தடுப்பது சைக்கிள் அல்ல, ஓட்டுபவரின் உடம்பு. ஏரோபார் அந்த உடம்பைச் சுருக்குகிறது.

ஆக, வேகம் தருவது குழாய் இல்லை, உட்காரும் நிலை. லெமாண்ட் அன்று காற்றைக் கிழிக்கும் ஹெல்மெட்டும் அணிந்திருந்தார். ஃபின்யோன் ஹெல்மெட்டே இல்லாமல் குதிரைவால் முடி பறக்க ஓட்டினார். பத்து நிமிடம்கூட குனிந்து இருக்க முடியாதவருக்கு ஏரோபார் கூடுதல் எடை மட்டுமே.

யாருக்குப் பயன்படும்?

தனியாக நீண்ட தூரம் ஓட்டுபவர்களுக்கும், டிரையத்லான் போட்டியாளர்களுக்கும் நல்ல பயன். உதாரணமாக, கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 போட்டியில் 90 கி.மீ. சைக்கிள் ஓட்ட வேண்டும். முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றில் இருந்து தப்பிக்கவும் அனுமதி இல்லை. அங்கே ஏரோபார் கைகொடுக்கும்.

கூட்டமாக ஓட்டுபவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் சாலைப் போட்டிகளில் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் ஏரோபாரை அனுமதிப்பதில்லை. வெறும் ஹேண்டில்பாரில் முழங்கையை ஊன்றி ஓட்டுவதற்கும் 2021 ஏப்ரல் முதல் தடை போட்டுவிட்டது.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் ஹேண்டில்பார். இப்போதைய ரோடு சைக்கிள்களில் அதன் நடுப்பகுதி பெரும்பாலும் 31.8 மி.மீ. விட்டம் கொண்டது, பழையவற்றில் இதைவிடக் குறைவு. தட்டையான வடிவம் என்றால் பல ஏரோபார்கள் பொருந்தாது. கார்பன் ஹேண்டில்பார் என்றால், தயாரித்த நிறுவனம் ‘மாட்டலாம்’ என்று சொல்லியிருந்தால் மட்டுமே மாட்ட வேண்டும். இறுக்கினால் விரிசல் விடும் ஆபத்து உண்டு. போல்ட்டில் குறிப்பிட்டுள்ள அளவுக்கே, டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்க வேண்டும்.

அடுத்தது, மெத்தையின் உயரத்தையும் அகலத்தையும் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். புதிதாகப் பழகுபவர் உயரமாக, அகலமாக வைத்துத் தொடங்குவதே நல்லது. குழாய் நேராக இருப்பதைவிட, முனை சற்று மேல்நோக்கி வளைந்திருந்தால் பலருக்கு மணிக்கட்டு வலி குறையும்.

மாட்டியாச்சு, அடுத்து?

ரோடு சைக்கிளின் சீட், டைம் ட்ரையல் சைக்கிளை விடப் பின்தள்ளி இருக்கும். அப்படியே குனிந்தால் தொடை வயிற்றில் இடிக்கும், முதுகு இழுக்கும். சீட்டைச் சிறிது முன்னால் நகர்த்தினால் சரியாகும். தோளுக்குக் கீழே முழங்கை வர வேண்டும். எடையை எலும்பு தாங்க வேண்டும், தசை அல்ல. கழுத்தும் தோளும் வலித்தால் மெத்தையை உயர்த்துங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு ஓட்டுவதில் எந்தப் பெருமையும் இல்லை.

எப்படிப் பழகுவது?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். க்ளிப்-ஆன் ஏரோபாரில் பிரேக் கிடையாது. மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போனால் ஒரு வினாடிக்கு 10 மீட்டர் கடக்கிறோம். கை பிரேக்குக்குப் போய்ச் சேர ஒரு வினாடி ஆனாலும், பிரேக் பிடிக்கும் முன்பே 10 மீட்டர் போயிருக்கும். குறுக்கே ஒரு நாய் ஓடிவர அது போதும்.

அதனால் முதலில் பழக வேண்டியது ஏரோபாரில் இருப்பதை அல்ல, அதில் இருந்து வெளியே வருவதை.

* முதல் சில நாட்கள் வீட்டில், டிரெய்னர் ஸ்டாண்டில் சைக்கிளை நிறுத்திப் பழகுங்கள்.

* பிறகு வண்டி வராத, நேரான, காற்றில்லாத சாலை. ஒரு கை ஹேண்டில்பாரிலேயே இருக்க, மறு முழங்கையை மெத்தையில் வையுங்கள். நிலையாக இருந்தால் அடுத்த கை.

* முதலில் 30 வினாடி, பிறகு 1 நிமிடம், பிறகு 5 நிமிடம். ஒவ்வொரு முறையும் பிரேக்குக்குக் கை திரும்பும் பழக்கத்தைப் பார்க்காமலே செய்யும் அளவுக்கு வளர்த்துக்கொள்ளுங்கள்.

* பார்வை முன்சக்கரத்தில் அல்ல, தூரத்தில் இருக்க வேண்டும். திருப்ப, கையை வளைக்காமல் உடம்பைச் சற்றே சாய்த்தால் போதும்.

எப்போது கையை எடுத்தே ஆக வேண்டும்?

சந்திப்பு, ஸ்பீடு பிரேக்கர், பள்ளம், மணல் படிந்த இடம், இறக்கம், பலமான பக்கக் காற்று, முன்னாலோ பக்கத்திலோ இன்னொரு சைக்கிள். இதில் எது வந்தாலும் கை பிரேக்குக்குப் போய்விட வேண்டும்.

லெமாண்டுக்கு அன்று போட்டிக்காக மூடப்பட்ட சாலை கிடைத்தது. எதிரே லாரி வரவில்லை, ஆட்டோ குறுக்கே திரும்பவில்லை. நம் சாலையில் ஓட்டுபவருக்கு அந்த வசதி இல்லை. ஏரோபாரில் மிச்சமாகும் சில நிமிடங்களை விட, சரியான நேரத்தில் அதை விட்டுக் கையை எடுப்பதுதான் முக்கியம்.