அட்டில் தொழிலும் பாட்டின் பொருளும்

திருக்குறளின் வாழ்க்கைத் துணைநலம் என்னும் அதிகாரத்திற்கு உரை வகுத்த பரிமேலழகர், மனையறத்திற்குத் தக்க மாண்புகளை இரண்டு வரிசையாகப் பிரித்துக் காட்டுகின்றார். துறந்தாரைப் பேணல், விருந்தயர்தல், வறியார்மாட்டு அருளுடைமை முதலியன நற்குணங்கள் என முதல் வரிசையில் நிற்கின்றன. வாழ்க்கைக்கு வேண்டிய பொருள்களை அறிந்து கடைப்பிடித்தல், அட்டில் தொழிலில் வன்மை, ஒப்புரவு செய்தல் முதலியன நற்செய்கைகள் என இரண்டாம் வரிசையில் நிற்கின்றன. அட்டில் என்பது சமையற்கூடம். அங்கு நிகழ்வதை உரையாசிரியர் 'தொழில்' என்றார். அதில் வேண்டப்படுவதை 'வன்மை' என்றார். அன்பு என்றோ கற்பு என்றோ அதனைக் கூறி அமையவில்லை. கூடவும் குறையவும் கூடிய, பயின்று பெறத்தக்க ஒரு திறம் என்றே அதனைக் கருதினார் என்பது இச்சொல்லாட்சியால் விளங்கும்.

நம் தமிழ்த்துறைகளில் முதல் வரிசை பற்றி எழுந்த ஆய்வேடுகள் பல. விருந்தோம்பல் என்னும் தலைப்பில் எழுதாத மாணவர் அரியர். இரண்டாம் வரிசையோ பெரும்பாலும் தீண்டப்படாமலே கிடக்கின்றது. அதனால் வந்த இழப்பு சமையற்கலைக்கு மட்டும் உரியதன்று. பாட்டின் பொருளே நம் கையை விட்டு நழுவுகின்றது. இதனை என் சொந்தப் பிழை ஒன்றைக் கொண்டே தொடங்குதல் தகும்.

குறுந்தொகையின் 167ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. மகள் நடத்தும் இல்லறத்தைக் கண்டு மீண்ட செவிலித்தாய், நற்றாய்க்கு அதனை எடுத்துரைக்கின்றாள். முற்றிய தயிரைப் பிசைந்த விரல்களைத் துடைத்துக்கொண்ட ஆடையைத் துவையாமலே உடுத்திருக்கின்றாள் தலைவி. தாளிப்பின் புகை அவள் கண்களை நிறைக்கின்றது. தானே துழாவிச் சமைத்த புளிப்புக் குழம்பைக் கணவன் இனிதெனக் கூறி உண்ண, அவள் முகம் நுட்பமாக மலர்கின்றது. ஆடையைத் துவையாமையை அன்பின் விரைவு என்று விளக்குவதே வகுப்பறை வழக்கு. நானும் பதினைந்து ஆண்டுகள் அவ்வாறே கற்பித்து வந்தேன்.

ஒருநாள் இப்பாட்டை வீட்டில் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். அடுக்களையில் இருந்த என் தாயார், "அவள் கொதிக்கிற மோர்க்குழம்பை விட்டுவிட்டு எங்கே போய்க் கை கழுவுவாள்? திரிந்து போகாதா?" என்றார். அவர் இலக்கியம் பயின்றவர் அல்லர். ஆயினும் நான் காணாத ஒன்றை அவர் கண்டார். புளித்த தயிரைச் சூடேற்றும்போது, புளிப்பும் வெப்பமும் ஒன்றுகூடிப் பாலின் புரதத்தைத் திரளச் செய்கின்றன. இடைவிடாது துழாவினால் வெப்பம் எங்கும் சமமாகப் பரவிக் குழம்பு ஒன்றாக நிற்கும். கை ஓய்ந்தால் நீர் வேறாகவும் திப்பி வேறாகவும் பிரிந்துவிடும். புலவர் 'அட்ட' என்று மட்டும் கூறி அமைந்திருக்கலாம். அதன் முன் 'துழந்து' என்னும் சொல்லையும் வைத்தார். அச்சொல் அணிக்காக வந்ததன்று. அச்சமையலின் உயிர்நிலை அதுவே. ஆடை அழுக்கானதும் விரல் கழுவப்படாததும் அத்துழாவுதலின் விளைவுகள் என்று கொள்ளும்போது, பாட்டின் மூன்று செய்திகளும் ஒரே கயிற்றில் கோவைப்படுகின்றன. அன்பு என்னும் விளக்கம் இதனால் பொய்யாகிவிடாது. ஆனால் அந்த அன்பு எவ்வழிப் புலப்பட்டது என்பது இப்போதுதான் தெரிகின்றது.

புகையையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். இப்பாட்டில் வருவது 'குய்ப்புகை'. குய் என்பது தாளிப்பு. நற்றிணையின் 120ஆம் பாட்டில், மாங்குடி கிழார் காட்டும் தலைவியின் கண்ணைச் சிவப்பிப்பதோ வாளா 'புகை' எனப்படுகின்றது. இரண்டையும் ஒன்றாகக் கருதி, 'அடுப்புப் புகை' என்று பொருள் எழுதும் மாணவர் பலர். அடுப்பின் புகை விறகின் ஈரத்தால் நீண்ட நேரம் சூழ்வது. அதனை ஊதியும் விலகியும் ஒருவாறு தாங்கலாம். தாளிப்பின் புகை காய்ந்த நெய்யில் மிளகு முதலியன விழும் கணத்தில் எழுந்து, சில நொடிகளில் அடங்குவது. அந்நொடிகளில் முகத்தைத் திருப்பினால் தாளிப்புக் கருகும். மிளகாய் அன்று இல்லை. அமெரிக்கக் கண்டத்துக்குரிய அச்செடி போர்த்துக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில்தான் இந்நாட்டிற்கு வந்தது. எனினும் மிளகின் காரமே கண்ணுக்குப் போதும். ஆகவே, ஒரு பாட்டில் நெடுநேர உழைப்பும், மற்றொன்றில் ஒரு கணத்தின் கூர்மையும் காட்டப்படுகின்றன. நற்றிணைத் தலைவிக்கு நுதலில் வியர்வை அரும்புவதும், அதனை அவள் துகிலின் தலைப்பால் துடைப்பதும் அந்நெடுநேரத்தோடு பொருந்துகின்றன. அவள் கணவனோடு ஊடியிருக்கின்றாள். விருந்தினர் எவரேனும் வந்தால் ஊடல் தணியுமே என்று அவன் ஏங்குகின்றான். வேலைச்சுமை கூடுவது அவன் நினைவில் இல்லை. புலவர் இதனை அறிந்தே சிரித்திருப்பார் என்பது என் எண்ணம்.

விரல் சிவத்தலும் இவ்வகைப் பாட்டுகளில் மீண்டும் மீண்டும் வரும் செய்தி. நற்றிணைத் தலைவியின் மோதிரம் அணிந்த மெல்விரல் சிவக்கின்றது. சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையில், ஆயர்சேரியில் தங்கிய கண்ணகி, பலாக்காயும் வெள்ளரிக்காயும் மாதுளங்காயும் பிறவும் பெற்று, வளைந்த வாயையுடைய குயத்தால் அரியும்போது அவள் விரலும் சிவக்கின்றது, முகம் வியர்க்கின்றது. ஐயை வைக்கோல் இட்டுத் தீ மூட்டித் தருகின்றாள். 'கையறி மடைமை' என்னும் தொடரை இளங்கோவடிகள் இங்கே ஆளுகின்றார். வாணிகச் செல்வரின் மகளாகிய அவள், தன் கை அறிந்த அளவில் கணவனுக்கு உணவு ஆக்கினாள் என்பது கருத்து. அறிவு கையில் இருப்பதாகக் கூறும் இத்தொடருக்கு உரிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை. பின்னர்ப் பனையோலைத் தவிசு இட்டு, மண்கலத்து நீரால் கணவன் அடி விளக்கி, தரையில் நீர் தெளித்து வாழைக்குருத்து விரித்தல் வரையில் ஒவ்வொரு செயலும் முறை பிறழாது சொல்லப்படுகின்றது. அடுத்து நிகழ இருப்பது கோவலனின் கொலை. அதற்கு முன்னர் அடிகள் இத்துணை மெதுவாக நடப்பது வீணன்று. கண்ணகி இழக்கப் போவது எது என்பதை ஒரு வேளைச் சோற்றின் ஒழுங்கைக் கொண்டே அவர் காட்டிவிடுகின்றார்.

அரிதல் என்றேன். அரிதல், நறுக்கல், வகிர்தல், சீவல், துருவல், கொய்தல், ஆய்தல் என இவை தனித்தனிச் செயல்கள். காயை வகிர்ந்தால் நீளவாட்டில் பிளவு, நறுக்கினால் துண்டு, சீவினால் மேல்தோல் போகும் அல்லது மெல்லிய வில்லை வரும். கீரையை ஆய்தல் என்பது நல்லிலையையும் பழுத்த இலையையும் பிரித்துக் கொள்ளல். நாம் பல்கலைக்கழகத்தில் நடத்தும் 'ஆய்வு' பிறந்ததும் அதே வினையடியில்தான்! அரிவாள்மணையில் அலகு நிற்கும், காய் நகரும். இன்றைய பலகையிலும் கத்தியிலும் காய் நிற்கும், அலகு நகரும். கருவி மாறியபோது கையின் பழக்கம் மாறியது. சொற்களும் ஒவ்வொன்றாக ஒதுங்கி, 'வெட்டுதல்' ஒன்றே எஞ்சுகின்றது.

அரைத்தலுக்கும் இதுவே நேர்ந்தது. அம்மியில் அரைப்பர், ஆட்டுரலில் ஆட்டுவர், உரலில் குத்துவர் அல்லது இடிப்பர், திரிகையில் திரிப்பர். அம்மியில் குழவி முன்னும் பின்னும் உருள்கின்றது. ஆட்டுரலில் குழவி நின்ற இடத்தில் சுழல, இடக்கை மாவைத் தள்ளிக் கொடுக்கின்றது. உலக்கை மேலிருந்து விழுகின்றது. திரிகையில் மேற்கல் மட்டும் சுற்றுகின்றது. நான்கு சொற்களும் நான்கு உடல் அசைவுகளின் பெயர்கள். மின்னெந்திரத்தில் அசைவு ஒன்றே ஆதலின் சொல்லும் ஒன்றாயிற்று. ஆயினும் 'மாவாட்டுதல்' மட்டும் எந்திரத்திலும் ஏறிக்கொண்டு பிழைத்திருக்கின்றது. பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர் புல்லரிசியை நிலவுரலில் இட்டு, குறிய உலக்கையால் குற்றி, வாய் முரிந்த பழம்பானையில் உவர்நீர் உலையேற்றும் பகுதியைக் கற்பிக்கும்போது, நிலத்தையே குழித்துச் செய்த உரல் என்பதை விளக்க எனக்கு ஒரு முழுப் பாடவேளை வேண்டியிருந்தது. உரலையே கண்டிராதவருக்கு நிலவுரல் எங்ஙனம் விளங்கும்?

சுடுதல் என்னும் வினையையும் எண்ணிப் பார்க்கலாம். அப்பம் சுடுவர், அடை சுடுவர், தோசையைச் சில ஊரில் சுடுவர், சில ஊரில் வார்ப்பர். பெரும்பாணாற்றுப்படை கூவியரைச் சொல்கின்றது; அவர் கரிய அகலில் அப்பம் சுட்டு விற்பவர். மதுரைக்காஞ்சியிலும் சிலப்பதிகாரத்திலும் அவர் உளர். எல்லாவற்றையும் வீட்டிலேயே சமைத்துண்ட பொற்காலம் ஒன்று இருந்தது போலப் பேசுவோர் இதனை மனத்திற் கொள்வாராக. ஈழத்தில் போர்த்துக்கீசியச் சொல்லாகிய 'பாண்' ரொட்டிக்குப் பெயராயிற்று. அதனைச் சுடும் சூளைக்குப் போறணை என்பது யாழ்ப்பாண வழக்கு. வெதுப்பகம் என்னும் ஆக்கச்சொல்லும் அங்கே கடைப்பலகைகளில் நிலைபெற்றது. மேசை, அலமாரி, சாவி, பொத்தான் ஆகியனவும் அம்மொழியிலிருந்தே வந்து நம் இல்லங்களில் குடியேறியவை. அலமாரி வருமுன்னர் உறியும் பரணும் அடுக்குப்பானையும் குதிருமே பொருள் காத்தன. உழவர் மனையில் ஏணிக்கும் எட்டாத உயரமுடைய, தலையைத் திறந்து தானியம் பெய்த பழங்கூடுகளைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகின்றது.

தையல் பற்றிய சான்றுகள் குறைவு. துணி தைப்போரைத் துன்னகாரர் எனச் சிலப்பதிகாரம், இந்திர விழவூர் எடுத்த காதையில், தொழிலாளர் வரிசையில் வைத்துச் சொல்கின்றது. வீட்டுத் தையல் தெரிவதோ கிழிசலில்தான். பொருநராற்றுப்படையின் பொருநன் அணிந்த கந்தையில் வேற்றிழை நுழைந்திருக்கின்றது. புறநானூற்றின் 136ஆம் பாட்டில், பல தையலிட்ட ஆடையின் இடுக்குகளில் ஈர்கள் குடியிருக்கின்றன. வறுமையைச் சொல்ல வந்த இடங்கள் இவை. கந்தை என்ற அளவில் நாம் கடந்து விடுகின்றோம். அக்கந்தையைப் பல முறை எடுத்துத் தைத்த கை ஒன்று உண்டு என்பதும் அதே சொற்களில் இருக்கின்றது.

வறுமையிலும் இல்லத்தை நடத்திச் செல்லும் திறத்திற்குச் சிறுபாணாற்றுப்படையை விஞ்சிய சான்று இல்லை. கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவை அடைத்துச் சுற்றத்தாரோடு ஒருங்கே பகிர்ந்துண்கின்றாள். உப்பு விலைகொடுத்து வாங்க வேண்டிய பொருள், கீரை அவ்வாறன்று. எது இல்லை, எது உண்டு, அதனை எத்தனை பேர்க்குப் பகிர்வது, ஊரார் பார்வையிலிருந்து எதனை மறைப்பது என்னும் நான்கு முடிவுகளை அவள் ஒரு வேளைக்குள் எடுக்கின்றாள். பரிமேலழகர் கூறிய 'பொருள்கள் அறிந்து கடைப்பிடித்தல்' இதுவன்றோ!

புறநானூற்றின் 163ஆம் பாட்டில், குமணனிடம் பரிசில் பெற்று வந்த பெருஞ்சித்திரனார் அதனை எல்லார்க்கும் கொடுக்குமாறு மனைவியிடம் கூறுகின்றார். கொடுக்க வேண்டியவர்களை எண்ணும்போது, குறியெதிர்ப்பை தந்தவர்களையும் சேர்க்கின்றார். அளவு குறித்து வாங்கி, அதே அளவில் திருப்பித் தருவது குறியெதிர்ப்பை. வள்ளுவரும் ஈகைக்கு மறுதலையாக இச்சொல்லை ஆண்டிருக்கின்றார். பொருளைக் கொண்டு வந்தவர் புலவர். ஆனால் யாரிடம் எவ்வளவு வாங்கியிருந்தது என்னும் கணக்கு மனைவியின் நினைவில் இருந்தது. அதனாலன்றோ கொடுக்கும் பொறுப்பும் அவளிடமே வந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், அனுபந்தம் 1939-இலும் வெளிவந்தன. அதனைத் தொகுத்த பெரியோரின் உழைப்பு வணங்கத்தக்கது. ஆயினும் ஒரு வட்டாரத்துப் பாட்டியார் உழக்கை நிரப்பும் முறைக்குச் சொல்லும் சொல்லை அங்கே தேடினால் எப்போதும் கிடைக்கும் என்று கூறவியலாது. எம் மாணவர் சிலரிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, அவரவர் வீட்டு முதியோரைச் சமையல் வேளையில், வேலையைத் தடுக்காமல், கேட்டு எழுதி வரப் பணித்தேன். உட்கார்த்தி வைத்துக் கேட்டால் சொற்கள் வருவதில்லை. கை நகரும்போதுதான் வருகின்றன. ஒரு மாணவியின் ஏட்டில் குறியெதிர்ப்பைக்கு நேரான வழக்கு கிடைத்தது. பக்கத்து வீட்டில் அரிசி வாங்கும்போது உழக்கைத் தலைதட்டி வாங்குவது, திருப்பும்போது குவித்துக் கொடுப்பது. ஏன் என்று அவள் கேட்டிருக்கின்றாள். "நாளைக்கும் கேட்க வேண்டுமே" என்று விடை எழுதியிருக்கின்றது.