உங்க வீட்டு நாய்க்கு வயசாயிடுச்சா? எது முதுமை, எது நோய்... கண்டுபிடிப்பது எப்படி?

காலையில் பால்காரர் பைக் சத்தம் கேட்டாலே கேட்டுக்கு ஓடிப்போய்க் குரைக்கும் நாய் அது. இப்போது படுத்த இடத்திலிருந்து தலையை மட்டும் தூக்கிப் பார்க்கிறது. எழுந்திருக்க முன்னங்காலை ஊன்றுகிறது. பின்னங்கால் டைல்ஸில் வழுக்குகிறது. மறுபடியும் உட்கார்ந்துவிடுகிறது. "வயசாயிடுச்சு, பாவம்" என்று சொல்லிவிட்டு அந்த வீட்டு அம்மா பாலைக் காய்ச்சப் போய்விடுகிறார்.

தமிழ்நாட்டின் சின்ன ஊர்களில் இப்படி எத்தனையோ வீடுகள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஸ்கூல் படித்துக்கொண்டிருந்த பையனோ பொண்ணோ அடம்பிடித்துத் தூக்கிவந்த குட்டி. தூக்கிவந்தவர்கள் இன்று வேலைக்காக சென்னையிலோ பெங்களூருவிலோ இருக்கிறார்கள், வீடியோ காலில் மட்டும் "டேய் மணி" என்று கூப்பிடுகிறார்கள். நாயைப் பார்த்துக்கொள்வது அறுபதைத் தாண்டிய அப்பா அம்மா. முழங்கால் வலியோடு இருக்கும் ஒருவர், இன்னொரு முழங்கால் வலிக்காரரைப் படியில் இறக்கிவிடுகிற கதைதான்.

இதில் சிக்கலே அந்த "வயசாயிடுச்சு" என்ற ஒரு வார்த்தைதான். நடை குறைந்தாலும் அதுதான் காரணம், சாப்பாடு குறைந்தாலும் அதுதான் காரணம், ராத்திரி குரைத்தாலும் அதுதான் காரணம். ஆனால் முதுமை என்பது தனியாக ஒரு நோய் கிடையாது. அந்த வார்த்தைக்குள் நாம் போட்டு மூடிவிடும் பல தொந்தரவுகளுக்கு மருந்து இருக்கிறது. குணமாகாவிட்டாலும், குறைந்தபட்சம் வலியைக் குறைக்க வழி இருக்கிறது.

7-ஆல் பெருக்கினால் நாயின் வயசு வந்துடுமா?

வராது. நாய் முதல் வருஷத்திலேயே மளமளவென்று வளர்ந்து, குட்டி போடும் பருவத்துக்கே வந்துவிடுகிறது. 7 வயசுக் குழந்தையோடு அதை எப்படி ஒப்பிட முடியும்? அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக (சான் டியாகோ) விஞ்ஞானிகள் லாப்ரடார் நாய்களின் டிஎன்ஏ-வில் வயசு ஆக ஆக ஏற்படும் மாற்றங்களை மனிதர்களோடு ஒப்பிட்டு, 2020-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அதன்படி 1 வயசு நாய் சுமார் 31 வயசு மனிதருக்குச் சமம். 4 வயசில் 53, 10 வயசில் கிட்டத்தட்ட 68. ஆரம்பத்தில் வேகம், பிறகு நிதானம். ஒரே இனத்தை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் எல்லா நாய்க்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நடைமுறைக்கு உதவுவது உடம்பின் அளவுதான். பெரிய நாய்க்கு சீக்கிரம் வயசாகும். கிரேட் டேன் மாதிரி நாய்கள் 6, 7 வயசிலேயே முதியவர்கள். லாப்ரடார், ராஜபாளையம் அளவுள்ளவற்றை 8 வயசிலிருந்து கவனிக்க ஆரம்பிக்கலாம். நம்ம தெருவில் பிறந்த நாட்டு நாய், பொமரேனியன் போன்றவை 10 வயசு வரை ஜாலியாகத் திரியும். நல்ல கவனிப்பு இருந்தால் அதையும் தாண்டி சில வருஷம் ஓட்டிவிடும்.

வலிச்சா கத்தாதா?

பெரும்பாலும் கத்தாது. இதுதான் வீட்டுக்காரர்கள் ஏமாறும் இடம். மூட்டுத் தேய்மானம் உள்ள நாய் அழுது ஊரைக் கூட்டாது. தினசரிப் பழக்கங்களில் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கும். முன்பு இரண்டு தெரு சுற்றியது இப்போது முனையிலேயே திரும்பிவிடும். மாடிப்படி ஏறுவதை நிறுத்தும். படுப்பதற்கு முன் நாலு சுற்று சுற்றி, தயங்கித் தயங்கி இறங்கும். காலையில் எழும்போது விறைப்பாக நடந்து, பத்து நிமிஷத்தில் கொஞ்சம் சரியாகும். ஒரே இடத்தை, முக்கியமாக முன்னங்கால் மணிக்கட்டை, நக்கிக்கொண்டே இருக்கும். இடுப்பில் கை வைத்தால் உறுமும். "இவ்வளவு வருஷம் வளர்த்த என்னையே கடிக்க வருதே" என்று பலர் மனசு உடைந்துபோவது இந்தக் கட்டத்தில்தான். அது கோபம் இல்லை, வலி.

இங்கே வீட்டின் தரையும் ஒரு வில்லன். பழைய சிமென்ட் தரையில் நாய்க்குப் பிடிமானம் இருந்தது. பையன் வேலைக்குப் போனதும் வீட்டுக்கு வழவழ டைல்ஸ் போட்டாயிற்று. வயசான நாய்க்கு அது சேற்றில் நடப்பது மாதிரி. பெரிய செலவெல்லாம் தேவையில்லை. படுக்கும் இடத்திலிருந்து தண்ணிக் கிண்ணம் வரைக்கும், அங்கிருந்து வாசல் வரைக்கும் சாக்கையோ ரப்பர் பாயையோ வரிசையாகப் போட்டாலே நடை மாறுவதைப் பார்க்கலாம். சாக்கு சுருண்டு காலைத் தடுக்காதபடி ஓரத்தில் கனமாக எதையாவது வைக்க வேண்டும். நகம் வளர்ந்திருந்தால் வெட்டிவிட வேண்டும், நீள நகம் இன்னும் வழுக்கும். சாப்பாட்டுத் தட்டை ஒரு மணைக்கட்டை மேல் வைத்தால் கழுத்தைக் குனிய வேண்டியதில்லை.

அப்புறம் எடை. நடக்காத நாய்க்கு அதே இரண்டு வேளை சோறு, நடுவில் டீக்கு பிஸ்கட் என்று போய்க்கொண்டிருந்தால் அந்தப் பாரம் முழுக்க மூட்டில்தான் இறங்கும். விலா எலும்பைத் தடவினால் கையில் தட்டுப்பட வேண்டும், அது போதும். பிஸ்கட்டை நிறுத்துவது வீட்டில் உள்ள தாத்தாவிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது தனிப் பிரச்னை!

மெடிக்கல் ஷாப் மாத்திரை கொடுக்கலாமா?

கூடவே கூடாது. சின்ன ஊர்களில் நாய்க்கு நடக்கும் பெரிய ஆபத்து இதுதான். வீட்டில் மூட்டுவலிக்கு வாங்கிய மாத்திரையில் பாதியை உடைத்துச் சோற்றில் வைத்துவிடுகிறார்கள், நல்ல எண்ணத்தோடுதான். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் வயிற்றில் புண் உண்டாக்கி ரத்தக்கசிவு வரை கொண்டுபோகும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் கெடும். பக்கத்தில் பூனை இருந்தால் அதற்கு ஒரு மாத்திரையே உயிருக்கு உலை.

நாய்களுக்கென்று பாதுகாப்பான வலி மருந்துகள் உண்டு. ஆனால் எடையைப் பார்த்து, முடிந்தால் சிறுநீரகம், கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் செய்து, டாக்டர் அளவு சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஏதாவது மாத்திரை கொடுத்திருந்தால் மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள். கறுப்பாக மலம் போவது, வாந்தி, திடீரென்று சாப்பாடு மறுப்பது இருந்தால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

தண்ணி நிறைய குடிக்குதா?

"வெயில் காலம், குடிக்குது" என்று விட்டுவிடாதீர்கள். ஒருநாள் ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து ஊற்றிப் பாருங்கள். எடையில் ஒரு கிலோவுக்கு 100 மில்லி என்ற அளவைத் தாண்டினால், அதாவது 20 கிலோ நாய் ஒரு நாளில் 2 லிட்டருக்கு மேல் குடித்தால், அது சரியில்லை. சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், ஹார்மோன் கோளாறு என்று காரணம் பலவாக இருக்கலாம். வீட்டுக்குள்ளே சிறுநீர் போவதற்கும் பல நேரம் இதுதான் காரணம். கொழுப்பெடுத்துப் போய் செய்யவில்லை, அடிக்காதீர்கள்.

கருத்தடை செய்யாத பெண் நாயாக இருந்தால் இன்னும் உஷார். ரத்தப்போக்கு நின்ற சில வாரங்களில் தண்ணி அதிகம் குடித்து, சோர்ந்து, வாந்தி எடுத்தால் கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். வெளியே சீழ் வடியாமலும் இது இருக்கும். ஒரு ராத்திரி தள்ளிப்போட்டாலும் உயிர் போகலாம். மடியில் கட்டி தட்டுப்பட்டாலும் "கொழுப்புக் கட்டிதான்" என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம்.

இருமல் உள்ள நாய்க்கு வீட்டிலேயே ஒரு டெஸ்ட் இருக்கிறது. அயர்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணுங்கள். 30-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் இதயத்தையோ நுரையீரலையோ பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கண்ணைப் பொறுத்தவரை, லேசான நீலச் சாம்பல் நிறம் வயசுக்கு வருவது, பார்வை அவ்வளவாகக் கெடாது. பால் மாதிரி வெள்ளையாக மூடினால் கண்புரை. ஒரே பக்கமாக மெல்வது, வாய் நாற்றம் இரண்டும் பல் சொத்தை, ஈறு நோயின் அடையாளம். ஈறு வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலையும் சந்தேகப்பட வேண்டும்.

நடுராத்திரியில் சுவரைப் பார்த்துக் குரைப்பது ஏன்?

பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவது இதற்குத்தான். சில பாட்டிகள் பேய் கண்ணுக்குத் தெரியுது என்பார்கள். பேயெல்லாம் இல்லை. மனிதர்களுக்கு வரும் மறதி நோய் மாதிரியே நாய்க்கும் வருகிறது. பகலெல்லாம் தூங்கி ராத்திரி முழுக்க நடப்பது, அறை மூலையில் மாட்டிக்கொண்டு வெளியே வரத் தெரியாமல் நிற்பது, கதவு திறக்கும் பக்கத்தை விட்டுவிட்டு கீல் பக்கம் காத்திருப்பது, பழகியவர்களை அடையாளம் தெரியாமல் பார்ப்பது எல்லாம் அதன் அறிகுறிகள். 2001-ல் வெளியான கலிபோர்னியா பல்கலைக்கழக (டேவிஸ்) ஆய்வில் 11, 12 வயசு நாய்களில் 28 சதவீதத்துக்கும், 15, 16 வயசு நாய்களில் 68 சதவீதத்துக்கும் இப்படி ஏதாவது ஒரு மாற்றமாவது இருந்தது தெரிந்தது.

முழுசாகக் குணப்படுத்த முடியாது. ஆனால் மாலையில் ஒரு சின்ன நடை, ராத்திரி ஒரு மங்கலான லைட், படுக்கையும் தண்ணியும் இடம் மாறாமல் இருப்பது இவையே நிறைய உதவும். மருந்துகளும் உண்டு. அதற்கு முன் காது கேட்கிறதா, எங்காவது வலிக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ராத்திரி குரைப்புக்குப் பின்னால் பல நேரம் இருப்பது அதே மூட்டுவலிதான்.

மாட்டாஸ்பத்திரியில் நாயைப் பார்ப்பாங்களா?

பார்ப்பார்கள். அரசு கால்நடை மருந்தகம் ஆடு மாட்டுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு பலர் போவதே இல்லை. கூட்டத்துக்கு நடுவே ஐந்து நிமிஷம்தான் கிடைக்கும் என்பதும் உண்மை. அதனால் தயாராகப் போங்கள். வீட்டில் அது எழுந்து நடப்பதையும், ராத்திரி குரைப்பதையும் மொபைலில் அரை நிமிஷ வீடியோவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்கு வந்ததும் பயத்தில் நொண்டுவதையே மறந்துவிடும் நாய்கள் ஏராளம். எத்தனை லிட்டர் குடித்தது, எப்போதிலிருந்து, என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்பதை ஒரு சீட்டில் எழுதிப்போனால் அந்த ஐந்து நிமிஷம் வீணாகாது. ஊரில் இருக்கும் வயசானவர்களுக்கு இது கஷ்டம் என்றால், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வீடியோ காலில் செய்யக்கூடிய உருப்படியான வேலை இது.

ஸ்கேன், ஆபரேஷன் தேவைப்பட்டால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் சிகிச்சை வளாகங்களுக்குப் போகலாம். வயசாகிவிட்டது என்று வெறிநாய்க்கடி தடுப்பூசியை நிறுத்துவது தப்பு. வருஷா வருஷம் போட வேண்டும்.

பார்த்துக்க முடியலைன்னு ரோட்டில் விடலாமா?

ஊர் எல்லையிலோ கோயில் வாசலிலோ இறக்கிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுச் சோற்றிலேயே வளர்ந்த, கண் மங்கிய, காது கேட்காத நாய் தெருநாய்களுக்கு நடுவே எத்தனை நாள் தாங்கும்? 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி, பசியாலோ தாகத்தாலோ துன்பப்படும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது குற்றம். அபராதத் தொகையைக் கேட்டால்தான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. முதல் முறைக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை.

கடைசி முடிவை எப்படி எடுப்பது?

இதைப் பற்றிப் பேசவே வீடுகளில் தயங்குகிறார்கள். ஊசி போட்டு அனுப்புவது பாவம் என்று அம்மா சொல்வார், கஷ்டப்படுத்துவதுதான் பாவம் என்று பிள்ளை சொல்வார். இருவருமே பாசத்தில்தான் பேசுகிறார்கள். அமெரிக்க கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் இதற்கென்று ஒரு மதிப்பெண் முறை வகுத்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்ற ஏழு விஷயங்களுக்கும் பத்துக்கு எத்தனை என்று போட வேண்டும். மொத்தம் 70-ல் 35-க்கு மேல் இருந்தால் கவனிப்பைத் தொடரலாம். வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போட்டுப் பார்ப்பது நல்லது. தினமும் கூட இருப்பவர் போடும் மார்க்கும், மாசம் ஒருமுறை வருபவர் போடும் மார்க்கும் ஒன்றாக இருக்காது. காலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு டிக், மோசமான நாளுக்கு ஒரு இன்ட்டு போட்டுவந்தாலும் ஒரு மாசத்தில் படம் தெளிவாகிவிடும்.

கருணைக்கொலைதான் என்று முடிவானால் அதைக் கால்நடை மருத்துவர்தான் செய்ய வேண்டும். முதலில் மயக்க மருந்து, நாய் முழுசாகத் தூங்கிய பிறகே அடுத்த மருந்து. மயக்க மருந்து கொடுக்காமல் செய்ய வருபவரை அனுமதிக்காதீர்கள். விருப்பப்பட்டால் கூட இருந்து தலையைத் தடவிக் கொடுக்கலாம். கண் திறந்தபடியே இருக்கும், கடைசியில் ஒருமுறை உடம்பு அசையலாம். வலியால் அல்ல என்பது முன்பே தெரிந்திருந்தால் கூட நிற்பவர்கள் பதற மாட்டார்கள்.

வீட்டுக்குப் பின்னால் புதைப்பதாக இருந்தால் கிணறு, போர்வெல் பக்கம் வேண்டாம். குழி நாலடிக்குக் குறையாமல் இருக்கட்டும், மேலே கல் வையுங்கள். ஊசி மருந்து உடம்பில் தங்கியிருக்கும். மேலோட்டமாகப் புதைத்தாலோ குளத்தங்கரையில் போட்டாலோ, தோண்டித் தின்னும் வேறு நாய்க்கும் பறவைக்கும் அதுவே விஷம்.