உலைக் கசடு வீடு கட்டுகிறது!

காரைக்குடிப் பக்கம் வலையபட்டிக்குப் போகிறவர்கள் பழைய செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வழவழ என்று இருக்கும். சிமெண்டு அல்ல, சுண்ணாம்புச் சாந்து!

சுண்ணாம்புடன் சுட்ட செங்கல் தூளைச் சேர்த்து அரைப்பது நம் பழைய கொத்தனார்களின் வழக்கம். செங்கல் தூள் தனியே இறுகாது. சுண்ணாம்பு சேர்ந்தால் கல்லாகிவிடும்.

இரும்பு ஆலைக் கழிவும் இதே ஜாதிதான்!

அழுக்கு மிதக்கும்

இரும்புத் தாதுவை, நிலக்கரிக் கரியும் சுண்ணாம்புக் கல்லும் சேர்த்து உலையில் உருக்குகிறார்கள். இரும்பு அடியில் தங்கும். அழுக்கு, பாலாடை போல மேலே மிதக்கும். அதுதான் கசடு. சிமெண்டு மூட்டையில் "சிலாக்" என்று போட்டிருப்பது இதைத்தான். ஒரு டன் இரும்புக்குச் சுமார் 300 கிலோ கசடு வரும்.

கொதிக்கும் கசட்டில் தண்ணீரைப் பீய்ச்சினால் மணல் மணலாக உதிர்கிறது. அதை மாவாக அரைத்துச் சிமெண்டுடன் கலக்கிறார்கள். சிமெண்டில் பிறக்கும் சுண்ணாம்பு, தூங்கும் கசட்டை எழுப்பிவிடுகிறது! 1862-ல் ஜெர்மனியில் எமில் லாங்கன் என்பவர் இந்த விந்தையைக் கண்டார். இந்தியாவில் இதற்கான தர விதி 1953-ல் வந்தது. இப்போது 100 கிலோ கசட்டுச் சிமெண்டில் 25 முதல் 70 கிலோ வரை கசடு இருக்கலாம்.

உப்புக்கு எதிரி

அதே 1953-ல்தான் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடம் திறக்கப்பட்டது. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். துருவை ஆராய்வது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. மண்டபம் கடற்கரையில் உப்புக் காற்று இரும்பை எப்படித் தின்கிறது என்று விஞ்ஞானிகள் அங்கே சோதித்து வந்திருக்கிறார்கள்.

கான்கிரீட்டுக்குள் உப்பு நுழைந்தால் கம்பி துருப்பிடித்து ஊதும், தளம் வெடிக்கும். கசடு கலந்த கான்கிரீட்டில் துளைகள் மிக நுண்மையானவை. உப்பு எளிதில் நுழையாது.

அவசரம் கூடாது

எல்லாக் கசடும் ஒன்றல்ல. எஃகு உலைக் கசட்டில் நீறாத சுண்ணாம்பு இருக்கும். ஈரம் பட்டால் ஊதிவிடும். ஆகவே கம்பி போட்ட கான்கிரீட்டில் அதை ஜல்லியாகப் போட 2016-ம் ஆண்டு விதி இடம் தரவில்லை.

நல்ல கசட்டுச் சிமெண்டுக்கும் ஒரு குணம் உண்டு. மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். மூன்று நாள் தண்ணீர் ஊற்றிவிட்டு, "போதும் அம்மா!" என்று சொல்லும் மேஸ்திரிகள் உண்டு. போதாது! குறைந்தது 10 நாள், கடும் வெயில் காலத்தில் 14 நாள், தளம் காயாமல் நனைக்க வேண்டும். முட்டுகளைப் பிரிக்கும் நாளை என்ஜினீயரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.